லோயர் பிரைஸ் ஹில்லுக்கு ஒரு மார்க் ஷீட்

இலவசமாகக் கிடைக்கும் எதற்கும் நாம் மார்க் போடுவதில்லை. சின்சினாட்டியின் புறநகரான மேசனில் புதிதாக ஒரு பிரியாணிக் கடை திறந்தால், ரைத்தா தண்ணீராக இருக்கிறது என்று அடுத்த வாரமே பத்துப் பேர் எழுதிவிடுவார்கள். அதே ஆட்களிடம் ஏழைக் குடும்பங்களுக்கென்று நடக்கும் ஒரு வகுப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "நல்ல காரியம்ங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அங்கே படிக்க வருகிறவர்களும் வாய் திறப்பதில்லை. குறை சொன்னால் அடுத்த முறை கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. ஆகவே நல்லதும் மோசமும் ஒரே தட்டில் கிடக்கின்றன.

நான் கோவில்பட்டியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். கணவரின் வேலைக்காக ஒஹாயோ வந்தபின், சின்சினாட்டியின் மேற்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கு ஜி.இ.டி என்ற பள்ளிச் சமானத் தேர்வுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். சம்பளம் கிடையாது. என்னை அவர்கள் "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், கோவில்பட்டியில் கூப்பிட்ட மாதிரியே. மார்க் போடாமல் இருக்க எனக்குக் கை வராது. அதனால் லோயர் பிரைஸ் ஹில் என்ற இந்தப் பேட்டையில், அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு என்னென்ன கிடைக்கிறது, எது தேறும், எது தேறாது என்று எழுதுகிறேன். நான் பாடம் எடுக்கும் மையத்தின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை. வகுப்பு சிறியது, பெயர் போட்டால் யார் எவர் என்று தெரிந்துவிடும். தவிர, அதைத்தான் அதிகமாகத் திட்டவும் போகிறேன்.

முதலில் இடம். லோயர் பிரைஸ் ஹில் என்பது மில் க்ரீக் ஓடைக்கும் ஒரு குன்றின் அடிவாரத்துக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு கிடக்கும் சின்ன பேட்டை. டவுன்டவுனிலிருந்து மேம்பாலம் ஏறி ரயில் யார்டைத் தாண்டினால் வந்துவிடும். செங்கல் வீடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கிட்டத்திலேயே மாநகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. காற்று திரும்பினால் வகுப்பறையில் ஜன்னலைச் சாத்த வேண்டும். 2004 ஆகஸ்டில் இங்கே ஒரு பழைய பீப்பாய்க் கிடங்கு பற்றி எரிந்ததை இன்றைக்கும் வருடம் மாதத்தோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஆட்கள். அமெரிக்காவில் ஏழை வெள்ளைக்காரர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்ட தமிழர்கள் உண்டு. 1940க்கும் 1970க்கும் நடுவே 30 லட்சத்துக்கும் அதிகமானோர் அப்பலாச்சிய மலைப்பகுதியை விட்டு இறங்கினார்கள். கிழக்குக் கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இயந்திரம் வந்ததும் ஆள் தேவைப்படவில்லை. மலைச்சரிவுத் துண்டு நிலத்தில் விவசாயமும் கட்டவில்லை. ஹார்லன், பெரி, பிரெத்திட் கவுன்ட்டிகளிலிருந்து (கவுன்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) குடும்பம் குடும்பமாக வடக்கே கிளம்பினார்கள். ஹாமில்டனில் சாம்பியன் காகித ஆலை, மிடில்டவுனில் ஆர்ம்கோ எஃகு ஆலை, நார்வுட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலை என்று அண்ணன் போன இடத்துக்குத் தம்பி, தம்பி போன இடத்துக்கு மச்சான். சின்சினாட்டியில் ஓவர்-த-ரைன், லோயர் பிரைஸ் ஹில், ஈஸ்ட் எண்ட், காம்ப் வாஷிங்டன் ஆகிய பேட்டைகளில் குறைந்த வாடகைக்கு வீடு கிடைத்தது. நார்வுட் தொழிற்சாலை 1987இல் மூடிவிட்டது. வேலை போயிற்று, வந்தவர்கள் திரும்பவில்லை.

இவர்களைச் "சரிசெய்ய" வேண்டும் என்று ஊர் கிளம்பியது இன்று நேற்றல்ல. 1954இலேயே மேயரின் நல்லுறவுக் குழு ஒரு பயிலரங்கு நடத்தியது. கென்டக்கியின் பேரியா கல்லூரிச் சமூகவியலாளர் ராஸ்கோ கிஃபினை அழைத்து, மலையிலிருந்து வந்தவர்களின் இயல்பு என்ன என்று கேட்டுக்கொண்டார்கள். 1960களில் எர்னி மைனாட் என்றொருவர் ஓவர்-த-ரைன் தெருமுனைகளில் பையன்களோடு நின்று பேசியே வேலை செய்தார். அந்த வழியில் வந்தவர்களில் ஒருவரான மைக்கேல் மலோனி 1974இல் நகர்ப்புற அப்பலாச்சியர் கவுன்சிலைத் தொடங்கினார். 1992இல் சின்சினாட்டி நகரம் தன் மனித உரிமைச் சட்டத்தில் நிறம், மதம், பாலினத்தோடு அப்பலாச்சியப் பூர்வீகத்தையும் சேர்த்தது. அதாவது "நீ மலைக்காரன், உனக்கு வீடு கிடையாது" என்று சொல்வது இங்கே சட்டப்படி குற்றம். வேறெந்த ஊர்ச் சட்டத்திலும் இப்படியொரு வரியை நான் பார்த்ததில்லை. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் இவர்களுக்கென்று கட்டம் இல்லை. எத்தனை பேர் என்று எண்ண முடியாத கூட்டத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். கவுன்சில் நாற்பது வருடம் அந்த வேலையைச் செய்துவிட்டு 2014 வாக்கில் ஓய்ந்தது. அதன் ஆய்வையும் பண்பாட்டு வேலையையும் இன்று நகர்ப்புற அப்பலாச்சியச் சமூகக் கூட்டமைப்பு எடுத்துச் செய்கிறது.

வகுப்புக்கு வருகிறேன்.

ஜி.இ.டி என்பது பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கான சமானத் தேர்வு. 1942இல் படை வீரர்களுக்காக உண்டானது. கணக்கு, மொழி, அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 145 எடுக்க வேண்டும். ஒன்றில் கூட எடுத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு தாளாக எழுதிக்கொள்ளலாம், தேறியது தேறியதுதான். பெரும்பாலும் எல்லோரும் கணக்கைக் கடைசிக்குத் தள்ளி வைப்பார்கள். 115 நிமிடம், கணினியில். முதல் ஐந்து கேள்விக்குக் கால்குலேட்டர் கிடையாது. அந்த ஐந்தில்தான் ஆட்கள் உடைந்துபோகிறார்கள். பின்னமும் குறை எண்ணும் அங்கேதான் வரும்.

இந்த மையத்துக்கு நான் முழு மார்க் கொடுக்கும் விஷயம், பாடம் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்பதை ஆசிரியரிடமே விட்டுவிடுவது. பாடநூலில் விமானக் கட்டணமும் கோல்ஃப் மைதானமும் வரும். அதை மூடி வைத்துவிட்டு நான் டேப்பை எடுப்பேன். கூரை வேய்கிற வேலை பார்க்கும் ஒரு பையன் இருக்கிறான், இருபத்தைந்து இருபத்தாறு வயது. பின்னம் என்ற சொல்லைக் கேட்டாலே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வான். ஆனால் எட்டில் மூன்று அங்குலத்தையும் பதினாறில் ஐந்து அங்குலத்தையும் சேர்த்து வெட்டச் சொன்னால், டேப்பைக்கூட நீட்டாமல் பதினாறில் பதினொன்று என்பான். பொதுப் பகுதி எண் கண்டுபிடிப்பதை அவன் தினமும் ஏணி மேல் நின்று செய்கிறான். காகிதத்தில் அதற்கு வேறு உடுப்பு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சாய்வு என்ற பாடம் வந்தபோது இன்னும் வேடிக்கை. கூரைக்காரர்கள் சாய்வை "பன்னிரண்டுக்கு ஆறு" என்றுதான் சொல்வார்கள், பன்னிரண்டு அங்குலம் படுக்கையாகப் போனால் ஆறு அங்குலம் ஏறும். நான் பலகையில் இரண்டு புள்ளி வைத்து வாய்பாட்டை எழுதி முடிக்குமுன், "மிஸ், இது ஆறு-பன்னிரண்டு கூரை, இதில் செருப்பு போட்டுக்கொண்டே நடக்கலாம்" என்றான். பக்கத்திலிருந்த பெரியவர், "பத்து-பன்னிரண்டு என்றால் கயிறு கட்டணும்" என்றார். அன்றைய பாடத்தை அவர்களே எடுத்தார்கள். கோவில்பட்டியில் எனக்கு இப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை.

சதவீதத்துக்கு நான் வைத்திருப்பது பொருளை வாடகைக்கு எடுத்து வாரத் தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் கடைகளின் விளம்பரத் தாள். வாரம் இத்தனை டாலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், எத்தனை வாரம் என்பது பொடி எழுத்தில் இருக்கும். பெருக்கிப் பார்க்கச் சொல்வேன். அமைதியாகிவிடுவார்கள், பிறகு கெட்ட வார்த்தை வரும். வந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். சம்பளத்துக்கு முன்பணம் தரும் கடைகளைப் பற்றியும் பேசுவோம். 2018இல் ஒஹாயோ சட்டம் போட்டு வட்டிக்கு 28 சதவீத உச்சவரம்பு வைத்தது, மாதக் கட்டணம் தனி. அந்தக் கடைகளிடம் முன்பு பட்டவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள், எனக்குத் தெரியாத கணக்கெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது நல்ல விஷயம் பக்கத்து அறை. வகுப்பு நடக்கிற இரண்டு மணி நேரமும் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கும் ஒரு அம்மாவுக்கு எல்.பி.என் நர்ஸ் படிப்பில் சேர ஜி.இ.டி வேண்டும். குழந்தைக்கு மூன்று வயது. அந்த அறை இல்லையென்றால் அவர் வரவே முடியாது. வகுப்பை விளம்பரப்படுத்துகிற நோட்டீஸில் பக்கத்து அறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை மையத்தின் பொறுப்பாளரிடம் பலமுறை சொல்லியாயிற்று.

இப்போது குறை. முதல் நாள் வருகிறவரை உட்காரவைத்துத் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பட்டது போதும் என்று இருபது வருடம் அந்தப் பக்கமே தலைவைக்காத ஆள், தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் கையில் தேர்வுத் தாள். பாதிப் பேர் மறுபடி வருவதில்லை. மையத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கூட்டரசுப் பணம் வாங்கும் வயதுவந்தோர் கல்வித் திட்டம் எதுவானாலும் நுழையும்போது ஒரு தேர்வு, குறிப்பிட்ட மணி நேரப் பாடத்துக்குப் பின் இன்னொரு தேர்வு வைத்து, முன்னேற்றத்தை எண்ணில் காட்டியாக வேண்டும். ஆனால் அந்தத் தேர்வை முதல் நாளே, முதல் மணி நேரமே வைக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? முதலில் காபி கொடுத்து, பேர் கேட்டு, ஒரு பாடம் நடத்திவிட்டு வைத்தால் என்ன? கேட்டால், அறிக்கை அனுப்பத் தாமதமாகும் என்கிறார்கள்.

அடுத்தது படிவம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எவ்வளவு வருமானம், குழந்தையின் அப்பா எங்கே. ஒருமுறை கேட்டால் பரவாயில்லை. நிதி கொடுக்கும் அமைப்பு மாறும்போதெல்லாம் புதுப் படிவம் வரும், அதே கேள்வி, வேறு வரிசை. கேட்கிற ஆளும் மாறியிருப்பார். மானியம் முடிந்தால் ஊழியர் போய்விடுவார், புது மானியத்தோடு புது ஆள் வருவார். இந்த ஜனங்கள் ஆளை நம்பித்தான் வருகிறார்கள், கட்டடத்தை நம்பி அல்ல. அந்த ஆள் போனதும் அவரோடு நாலு பேர் நின்றுவிடுகிறார்கள். இதற்கு மையம் பொறுப்பல்ல, ஆனால் விளைவு என் வகுப்பில் தெரிகிறது.

நேரமும் சரியில்லை. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை யாருக்குத் தோதுப்படும்? வேலை இல்லாதவர்களுக்கும் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கும்தான். இரவு ஷிப்ட் ஆட்கள் தூங்கி வழிகிறார்கள். மாலை வகுப்பு ஒன்று இருக்கிறது, வாரத்தில் ஒரே நாள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு எழுபத்திரண்டு. ஆசிரியர்களுக்கு மட்டும் தனியே மார்க் கேட்டால் கூடுதலாகத் தருவேன், என்னையும் சேர்த்துத்தான்.

எழுபத்திரண்டில் பத்து மார்க்காவது ஒரே ஊழியருக்குச் சேரும். ஐம்பத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் வகுப்புக்கு வருகிறார். பேரனும் பேத்தியும் அவர் வளர்ப்பில். அவருடைய மகள் ஊரில் இல்லை, எங்கே என்றும் தெரியாது. ஹெராயின், ஃபென்டனைல் என்ற போதைப்பொருள்கள் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் நடுத் தலைமுறையையே காணாமல் ஆக்கியிருக்கின்றன. பாட்டிகள் இரண்டாவது தடவை பிள்ளை வளர்க்கிறார்கள். பள்ளியில் சேர்க்கப் போனால் பெற்றோர் கையெழுத்து கேட்கிறார்கள், டாக்டரிடம் போனாலும் அதேதான். கோர்ட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளின் பொறுப்பை வாங்குவதென்றால் சொந்த மகளுக்கு எதிராக வழக்குப் போட்டது மாதிரி ஆகிவிடும், அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. மையத்தின் ஊழியர் ஒருவர் ஒஹாயோ சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருப்பதை எடுத்துக் காட்டினார். பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாதபோது தாத்தா பாட்டி ஒரு பராமரிப்பாளர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, ஐந்து நாளுக்குள் சிறார் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் போதும், பள்ளியிலும் சேர்க்கலாம், மருத்துவத்துக்கும் சம்மதம் தரலாம். ஊழியர் பத்திரத்தை எடுத்துக் கொடுத்து, நோட்டரிக்கும் தன் காரிலேயே கூட்டிப்போனார். அவருடைய வேலை விவரக் குறிப்பில் இது எந்த வரியில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டி அடுத்த வாரமே வகுப்புக்கு வந்துவிட்டார். பேரனுடைய ஐந்தாம் வகுப்புக் கணக்கைத் தானே சொல்லித்தர வேண்டும் என்பதுதான் அவர் ஜி.இ.டி-யில் சேர்ந்த காரணம்.

அவர் எட்டாவதோடு நின்றவர். ஏன் என்று கேட்டால் "மேல போகணும்ல" என்பார். இந்தப் பேட்டையின் பள்ளி ஆய்லர். பல பத்தாண்டுகளாக எட்டாம் வகுப்பு வரைதான் அங்கே. ஒன்பதாவதுக்குக் குன்றின் மேலோ வேறு பக்கமோ போக வேண்டும். கீழே இருக்கிற பிள்ளைகள் மேலே போனால் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள், சட்டையைப் பார்த்துச் சிரிப்பார்கள். போகாமலே நின்றுவிட்டவர்கள் ஒரு தலைமுறை அல்ல, இரண்டு மூன்று தலைமுறை. தூரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் கல்வித் திட்டம் போடுகிறவர்கள் மைலைத்தான் அளக்கிறார்கள். 2000களின் பிற்பாதியில் ஊர் மக்கள் கேட்டுக்கேட்டு, ஆய்லரைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டினார்கள். பிள்ளைகள் பேட்டையை விட்டுப் போகாமலே பள்ளிப் படிப்பை முடிக்கலாம் என்றானது.

ஆய்லருக்கு நான் தொண்ணூற்றைந்து போடுவேன், அதுவும் ஒரே ஒரு அறைக்காக. பழைய கட்டடத்தைப் புதுப்பித்து 2012இல் திறந்தபோது உள்ளேயே ஒரு கண் மையம் வைத்தார்கள். ஒன்சைட் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. பரிசோதனை, மருத்துவர், கண்ணாடி எல்லாம் பள்ளிக்குள்ளேயே, நகரத்தின் மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் வந்து போகிறார்கள். இதில் என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்குச் சொல்கிறேன். பள்ளியில் கண்ணைச் சோதித்து, "பார்வை குறைவு, டாக்டரிடம் காட்டவும்" என்று சீட்டு எழுதிப் பையில் வைத்து அனுப்புவது எல்லா ஊரிலும் நடக்கும். அந்தச் சீட்டு வீடு போய்ச் சேர்ந்து, அம்மா ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, காப்பீடு செல்லுமா என்று விசாரித்து, கண்ணாடி வாங்க மறுபடி ஒரு நாள் விட வேண்டும். சீட்டு பையிலேயே மக்கிப்போகும். இங்கே பிள்ளை ஒரு பாடவேளை எழுந்து போய்விட்டுத் திரும்பினால் முடிந்தது. கரும்பலகை தெரியாத பையனை மந்தம் என்று ஒதுக்கிவைத்த வகுப்பறைகளில் நானும் வேலை பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்த அறையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். ஒரே வருத்தம், பெரியவர்களுக்கு இது இல்லை. என் வகுப்பில் கடையில் வாங்கிய படிக்கும் கண்ணாடியை ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆய்லர் தனி அதிசயமும் இல்லை. சின்சினாட்டிப் பொதுப் பள்ளிகளை 2000களில் புதுப்பித்தபோதே, பள்ளிக் கட்டடம் ஊர்ப் பொதுவுக்கும் பயன்பட வேண்டும் என்று கொள்கை வைத்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் வெளி அமைப்புகளைக் கூட்டிச் சேர்க்க ஒரு ஒருங்கிணைப்பாளர். எல்லாப் பள்ளியிலும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை.

அடுத்து நான் சொல்லப்போவது சலவைக்கடை. கல்வித் திட்டத்தின் நடுவே சலவைக்கடை எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். தூய மிக்கேல் தெருவில் ஜெர்மன் கத்தோலிக்கர்கள் ஒருகாலத்தில் கட்டிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. வழிபாடு நின்றுபோன அந்த வளாகத்தில்தான் கம்யூனிட்டி மேட்டர்ஸ் என்ற அமைப்பு இயங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கான பேட்டைப் பள்ளியாக ஆரம்பித்ததன் வாரிசு அது. அவர்கள் ஆட்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது வந்த பதில்களில் ஒன்று, துணி துவைக்க இடம். வீட்டில் மெஷின் இல்லை, பேட்டையில் கடையும் இல்லை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். ஆகவே வாஷிங் வெல் என்று ஒரு சலவைக்கடையைத் திறந்தார்கள். காசு கொடுத்துத்தான் துவைக்க வேண்டும், தர்மம் அல்ல. எனக்குப் பிடித்ததே அதுதான். காசு போட்டுத் துவைக்கிறவர் வாடிக்கையாளர், யாரிடமும் வருமானச் சான்றிதழ் காட்ட வேண்டாம். அழுக்குச் சட்டையோடு பள்ளிக்குப் போக வெட்கப்பட்டு நின்றுவிடும் பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் இதுவும் பள்ளிக்கூடச் செலவுதான். வகுப்புக்கு வரக் கூச்சப்படுகிறவர்கூட இங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். தொண்ணூறு.

குன்றின் மேல் பக்கம் போனால் சாந்தா மரியா கம்யூனிட்டி சர்வீசஸ். 1897இல் ஜஸ்டினா, பிளாண்டினா செகாலே என்ற இரண்டு கன்னியாஸ்திரிச் சகோதரிகள் இத்தாலியக் குடியேறிகளுக்காகத் தொடங்கியது. இத்தாலியர்களுக்குப் பின் மலைக்காரர்கள், இப்போது குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள். ஆள் மாற மாற அமைப்பு நிற்கிறது. அங்கே நான் வேலை செய்ததில்லை, அதனால் மார்க் இல்லை.

பண்பாட்டு நிகழ்ச்சிகள் பற்றி எனக்கு இரண்டு மனம். பாஞ்சோ இசை, ஒட்டுத்துணிப் போர்வை, அன்னையர் தின வாரயிறுதியில் ஓஹாயோ ஆற்றங்கரையில் பல வருடம் நடந்த அப்பலாச்சியத் திருவிழா எல்லாம் அழகு. ஆனால் என் வகுப்பில் பாஞ்சோ வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. கூரைக்காரப் பையன் ராப் கேட்கிறான். தாத்தா எந்தக் கவுன்ட்டி என்று கேட்டால் மட்டும் சட்டென்று பதில் வரும். சமூகக் கூட்டமைப்பு எழுத்தும் கதைசொல்லலும் வைத்துச் செய்கிற வேலை எனக்கு இதைவிட உருப்படியாகப் படுகிறது. மொழித் தாளுக்குக் கட்டுரை எழுதப் பயந்த ஒருவர், தன் பாட்டி அவரைக்காயை நூலில் கோத்துக் காயப்போட்டதை ஒரு பக்கம் எழுதி எடுத்து வந்தார். இலக்கணம் தள்ளாடியது. வாதம் எங்கே, சான்று எங்கே என்று நான் கோடு போட்டுக் காட்டியபோது, இரண்டுமே அதில் இருந்தன.

பூஜ்யம் வாங்கியது ஒன்றே ஒன்று. ஒரு பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம், நம் ஆட்களும் நிறைய அதில் வேலை பார்க்கிறார்கள், வருடாந்தரச் சேவை நாள் என்று ஒரே நிற டீ-சர்ட்டில் வந்து இறங்கியது. வகுப்பு நடக்கிற நேரத்தில் சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். பெயின்ட் நெடியில் அன்றைய பாடம் போச்சு. மதியம் பீட்சா சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போன வருடம் அடித்த அதே சுவர். அத்தனை பேரில் நான்கு பேர் மாலை வகுப்புக்கு வாரம் ஒரு மணி நேரம் வந்திருந்தால் மாலை வகுப்பை இரண்டு நாளாக்கியிருக்கலாம்.

உங்களில் யாராவது வர விரும்பினால் சில விஷயம். பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும், சில வாரம் எடுக்கலாம். எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்களும் சம்பளமில்லாத தொண்டு வேலை செய்யலாம், ஆனால் மையத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மேசனிலிருந்து கார் ஓட்டிவர நேரமாகும், பாலத்துக்கு முன்னால் நெரிசல் உண்டு. பஸ் வசதி முன்னைக்கு இப்போது தேவலை. 2020இல் ஹாமில்டன் கவுன்ட்டி மக்கள் வாக்களித்து விற்பனை வரியை ஏற்றிப் பேருந்துக்குப் பணம் ஒதுக்கினார்கள், அதனால் என் மாணவர்களில் சிலர் மாலை வகுப்பு முடிந்தும் வீடு போய்ச்சேர முடிகிறது. உங்கள் உச்சரிப்பு புரியாது என்று பயப்படாதீர்கள். அவர்களுடைய உச்சரிப்பைப் பற்றி ஊர் அதைவிட அதிகம் பேசியிருக்கிறது, அதனால் அந்த விஷயத்தில் பெருந்தன்மையானவர்கள். மலைக்காரர்களைக் குறிக்கும் பட்டப்பெயர்கள் படங்களில் கேட்டிருப்பீர்கள், அவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்தாலும் நீங்கள் சொல்ல வேண்டாம். பரிதாபப்பட்டுப் பழைய துணி மூட்டையோடும் வந்துவிடாதீர்கள். டேப், கிராஃப் தாள், டி.ஐ-30எக்ஸ்.எஸ் கால்குலேட்டர் இரண்டு கொண்டுவந்தால் நல்லது, தேர்வுத் திரையில் வருவது அந்த மாதிரிதான்.

வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள். அன்று வகுப்பு கிடையாது. வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. மூன்றாம் தலைமுறை ஆகிவிட்டாலும் இன்னும் சில குடும்பங்கள் அன்று மத்தியானமே காரில் ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்துக் கென்டக்கிக்குக் கிளம்பிவிடுகின்றன.